கழுகு கழித்த தட்டு

பீங்கான் ஆலையில் அவருக்குக் கழுகு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பார். இளவட்டங்கள் கழுகண்ணே என்பார்கள். பட்டப்பெயர் சொன்னால் சண்டைக்கு வருகிற ஆட்கள் உண்டு, இவர் அப்படியில்லை. படித்துப் பட்டம் வாங்குகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், நின்றே பட்டம் வாங்கியவர் இவர்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு மண் சுமக்க ஆலைக்குள் நுழைந்தவர். மண் சுமந்தார், மண் பிசைந்தார், அச்சில் வார்த்தார், பூச்சுத் தொட்டியில் முக்கி முக்கிக் கை வெளுத்தார், சூளை வாசலில் நின்று முகம் கறுத்தார். கடைசியில் தணிக்கை மேஜைக்கு வந்து சேர்ந்தார். சிபாரிசு எதுவும் கிடையாது. இன்றைக்கு அந்த ஆலையில் லிப்ட் ஓடுகிறது. அவர் ஏறிய காலத்தில் படிகூட இல்லை, சுவரைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அப்படி ஏறியவனுக்கு வாய் கொஞ்சம் நீளமாக இருந்தால் அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது.

தணிக்கை மேஜை என்றால் தலைக்கு மேல் இரண்டு டியூப்லைட், ரப்பர் விரித்த ஒரு மேஜை, இடது பக்கம் சூளையிலிருந்து வந்து குவியும் தட்டுகள், வலது பக்கம் இரண்டு கூடைகள். ஒன்று நல்லதுக்கு, ஒன்று கழித்ததுக்கு. நாற்காலி கிடையாது. உட்கார்ந்து பார்த்தால் வெளிச்சம் தட்டின் மேல் சரியாக விழாது. கழுகு இடது கையால் தட்டை விளக்குக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றுவார். வலது கை நடுவிரல் நகத்தால் விளிம்பில் ஒரு சுண்டு. பூச்சில் துளையாக விழும் ஊசிக்குத்தும் கோணலும் கண்ணுக்கு, விரிசல் காதுக்கு. நல்ல தட்டு கணீரென்று பேசும். விரிசல் விட்டது தொண்டை கட்டினவன் மாதிரி முனகும். பக்கத்தில் நிற்கிறவன் இமை கொட்டி முடிப்பதற்குள் தட்டு கூடைக்குள் இருக்கும்.

பெயர் வந்தது பெரிய முதலாளி காலத்தில். வெளியூர் வியாபாரிக்காக நல்ல தட்டுகளை அடுக்கி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இவர் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அடுக்கு லேசாகக் குலுங்கியது.

"இறக்குங்கப்பா. நடுவுல ஒண்ணு அழுவுது."

பிரித்துப் பார்த்தால் மயிரிழை விரிசலோடு ஒரு தட்டு. "நீ மனுஷனா, கழுகாடா?" என்றார் பெரிய முதலாளி. கழுகுக்குக் கண்தானே கூர்மை, காதா என்று யாரும் கேட்கவில்லை. முதலாளி வைத்த பெயரில் குறை கண்டுபிடிக்கிற தணிக்கைக்காரன் அந்த ஆலையில் இல்லை.

அன்றைக்குத் தன் கண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர், நிறுத்தவே இல்லை. அவர் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். ஊசியில் நூல் கோக்கக் கொஞ்சம் தடுமாறினால் போதும், "கொண்டா இங்க, கழுகு எதுக்கு இருக்கேன்?" என்று கையை நீட்டிவிடுவார்.

"கோத்துக் குடுத்துட்டுப் பேசுங்க. பேசி முடிச்சிட்டுக் கோக்குறதுன்னா துணிக்காரி நாளைக்குத்தான் ரவிக்கை போடணும்," என்பார் அந்த அம்மாள்.

இனிமேல் சொல்லப்போவது ஆலையில் எல்லோருக்கும் தெரிந்தது, முதலாளிக்கு மட்டும் தெரியாதது.

கழித்த தட்டுகளை மாதக் கடைசியில் தொழிலாளிகளுக்கு மலிவு விலையில் எடைக்குப் போடுவார்கள். அது ஆலையின் வழக்கம். அதற்குள் ஒரு வழக்கத்தைத் தொழிலாளிகள் வைத்திருந்தார்கள். வீட்டில் கல்யாணம், புது வீடு என்று ஏதாவது வந்தால் அந்த ஆள் தணிக்கை மேஜைப் பக்கம் வந்து தலையைச் சொறிவான்.

"கழுகண்ணே... தங்கச்சிக்கு முடிவாயிருக்கு."

"எந்த டிசைன்?"

"நீல விளிம்புன்னு சொல்றா."

"எல்லாக் கழுதையும் நீல விளிம்புதான் கேக்குது. போ, பாத்துக்கலாம்."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த சில நாட்களில் நீல விளிம்பு போட்ட அப்பழுக்கில்லாத தட்டுகள் கழித்த கூடைக்குள் போய்ச் சேரும். தட்டின் அடியில், பூச்சுப் படாத வளையத்தில், பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. எடைக்குப் போடும் நாளில் புள்ளி வைத்ததை உரியவன் எடுத்துக்கொள்வான். மற்றவர்கள் கை வைக்க மாட்டார்கள். இதற்காகக் கழுகு ஒருவனிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. இதில் திருட்டு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை. தட்டுச் செய்கிறவன் வீட்டில் நல்ல தட்டு இல்லாவிட்டால் வேறு எவன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அதிலும் ஒரு வீம்பு. ஏனோதானோ தட்டுக்கெல்லாம் புள்ளி வைக்க மாட்டார். விளிம்புக் கோடு சுற்றிலும் ஒரே கனத்தில் ஓட வேண்டும். பூச்சில் டியூப்லைட் வளையாமல் நெளியாமல் தெரிய வேண்டும். ஆலையின் முதல் தரத்தில் முதல் தரம் தொழிலாளி வீட்டு அலமாரிகளில் இருந்தது. கடைக்குப் போனது அதற்கு அடுத்தது.

பெரிய முதலாளிக்குப் பிறகு மகன் வந்தார். அவரோடு இயந்திரங்கள் வந்தன. மண் பிசைய ஒன்று வந்தது. பூச்சு அடிக்க ஒரு இரும்புக் கை வந்தது. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உண்டு, வியர்வை மட்டும் கிடையாது. சூளை நெருப்பைத் திரையில் எண்ணாகப் பார்க்கும்படி ஆனது. சூளைக்காரர் கழுகின் மனைவிக்குத் தம்பி. முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர், பிறகு மாறிவிட்டார். "மூஞ்சி வேகாம சம்பளம் வருது மச்சான். கசக்குதா என்ன?" சிலர் வேலையை விட்டுப் போனார்கள், சிலரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், மிச்சப் பேர் பழகிக்கொண்டார்கள். கடைசியாகத் தணிக்கைக்குக் கேமரா வரப்போகிறது என்றார்கள்.

முதலாளி கழுகைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அண்ணே, பெரிய கம்பெனி ஒண்ணு ஆர்டர் தரேங்குது. கேமராத் தணிக்கை இருந்தாத்தான் எடுப்பாங்களாம். அதுக்காக உங்களை விட்டுட மாட்டேன். கேமராவைக் கவனிக்க ஒரு ஆள் வேணும். கண்ணாடி கேபின், ஏசி, சுத்துற நாற்காலி. நீங்கதான் இன்சார்ஜ். முதல்ல அது ஒழுங்கா ஓடிக் காட்டட்டும்."

நாற்காலி என்ற சொல் நேராக முழங்காலில் போய் இறங்கியது. நின்று நின்று இரண்டு முழங்காலும் சாயங்காலத்தில் பன் மாதிரி உப்பிக்கொள்ளும். அன்றைக்கே வீட்டில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார். மனைவி மிச்சத் துணியை ஒட்டுப் போட்டு, பஞ்சு அடைத்து, நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தார்.

"நாற்காலியே இன்னும் வரலயே."

"வந்தப்புறம் மெத்தை மெத்தைன்னு என் உயிரை வாங்குவீங்க. இப்பவே வச்சுக்கங்க."

கேமராவைப் பொருத்த வந்தவர் ஒரு இளம் பெண் இன்ஜினியர். ஆலை அவருக்குக் கேமராக்காரம்மா என்று பெயர் வைத்தது. வந்ததும் கழுகிடம்தான் வந்தார்.

"ஐயா, குறைன்னா என்னன்னு கேமராவுக்குத் தெரியாது. நீங்க கழிச்சதையும், நல்லதுன்னு விட்டதையும் நிறையக் காட்டணும். பாத்துப் பாத்து அதுவா கத்துக்கும்."

"காட்டும்மா, நல்லாக் காட்டு. வாத்தியார் சரியான ஆளுதான்."

அதற்காகச் சில மாதம் எடைக்குப் போடுவதை நிறுத்தினார்கள். கழித்தது எல்லாம் குடோனில் குவிய வேண்டும், கேமராவுக்குப் படம் எடுக்க. எடைக்குப் போடுவது நின்றதே தவிர வீடுகளில் கல்யாணம் நிற்கவில்லை. தலையைச் சொறிகிறவர்கள் சொறிந்துகொண்டுதான் இருந்தார்கள். போதாக்குறைக்குச் சூளைக்காரர் மகளுக்கே இடம் அமைந்தது. மச்சான் மகள், கழுகுக்கு மருமகள் முறை. அவருடைய கை இன்னும் தாராளமாக ஓடியது. புள்ளி வைத்தது குடோனில் பத்திரமாகத்தானே இருக்கிறது, எடைக்குப் போட ஆரம்பித்ததும் எடுத்துக்கொள்வது என்று பேச்சு.

கேமரா விரிசலைப் பார்க்கும், கோணலைப் பார்க்கும், அதிலிருந்து கற்றுக்கொள்ளும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அது படித்ததோ அவர் கை போன திசையை. எந்த மாதிரித் தட்டு எந்தக் கூடைக்குப் போனது, அதுதான் அதற்குப் பாடம். கேமராக்காரம்மா இதைத்தான் முதல் நாளே சொன்னார். கழுகு அதில் வாத்தியார் என்ற பகுதியை மட்டும் காதில் வாங்கியிருந்தார்.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. நீளமான பெல்ட், நடுவில் கறுப்புக் கூண்டு, அதற்குள் கேமராவும் விளக்குகளும். கூண்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் ரப்பர் நுனி வைத்த ஒரு தடி. வேண்டாத தட்டு வந்தால் அது நோகாமல் ஓரமாகத் தள்ளிவிடும். முதலாளி நின்றார், கேமராக்காரம்மா மடிக்கணினியோடு நின்றார். கழுகு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். மெத்தை ஒரு பையில் இருந்தது. சுற்றிலும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்.

வெள்ளைத் தட்டுகள் போயின. கோணலைத் தள்ளியது. ஊசிக்குத்தைத் தள்ளியது. பூச்சுத் திரண்டதைத் தள்ளியது.

"பரவால்ல, புத்தி இருக்கு," என்றார் கழுகு, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளையைப் பார்க்கிற தகப்பன் மாதிரி.

அடுத்து நீல விளிம்பு. முதல் தட்டு போனது. இரண்டாவதைத் தடி தள்ளியது. அடுத்ததைத் தள்ளியது. கோடு கொஞ்சம் தடித்த ஒன்றை விட்டது. அதற்குப் பின்னால் வந்த நல்ல தட்டுகளை வரிசையாகத் தள்ளியது. கழுகு பாய்ந்து போய் ஒன்றை எடுத்து விளக்கில் சுற்றினார், சுண்டினார். கணீர்.

"அட குருட்டுக் கழுதையே! இதுல என்ன குறையக் கண்ட?" என்று கூண்டைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தார். "தம்பி, இதுக்கா இவ்வளவு செலவு பண்ணீங்க? ராஜா மாதிரி இருக்குற தட்டாப் பாத்துத் தள்ளுதே!"

சூளைக்காரர் பின்னாலிருந்து அவர் காதருகே குனிந்தார்.

"மச்சான், அதுக்கும் யார் வீட்டுலயோ கல்யாணம் போலருக்கு."

கழுகின் சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த தட்டைப் பார்த்தார். கோடு ஒரே கனம். பூச்சு கண்ணாடி. அவர் கையாலேயே புள்ளி வைத்திருக்கக்கூடிய தட்டு.

கேமராக்காரம்மா பெல்ட்டை நிறுத்தினார். "படங்கள்லதான் ஏதோ இருக்கு சார். குடோன்ல இருக்குறத ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்," என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்த பிறகு சூளைக்காரர் கழுகைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"புள்ளிய அழிச்சிடலாமா?"

"சாவி அந்தம்மாகிட்ட இருக்கு."

"சரி, அவங்க தட்டோட மூஞ்சியத்தான் பாக்குறாங்க, குப்புறப் போட்டுப் பாக்கப் போறாங்களா? நீ வாயைத் தொறக்காம இரு. அது ஒண்ணுதான் உனக்கு ஆகாத வேலை. இது வெளிய வந்தா உன் நாற்காலி மட்டும் இல்ல மச்சான், பாதி ஆலையோட அலமாரியும் தெருவுக்கு வந்துரும்."

"எனக்குச் சொல்லித் தர்றியா?"

"நீ அந்தக் கேமராவுக்குச் சொல்லித் தந்தியே, அதான் இப்படி நிக்குறோம்."

வீட்டுக்குப் போனதும் மனைவி மெத்தையைப் பையோடு பார்த்தார். "என்னங்க, நாற்காலி சின்னதா?"

"கேமராவுக்கு உடம்பு சரியில்ல," என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் முதலாளி அறையில் நான்கு பேர். முதலாளி, கேமராக்காரம்மா, கழுகு, சூளையில் ஏதாவது கோளாறா என்று கேட்பதற்காகக் கூப்பிடப்பட்ட சூளைக்காரர். மேஜையில் மடிக்கணினி, அதில் நீல விளிம்புத் தட்டுகளின் படங்கள்.

கேமராக்காரம்மா வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தார். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கழிச்சதுல ஒரு பகுதியில எனக்கு ஒரு குறையும் தெரியல. அத்தனையும் நல்ல தட்டு. அதைக் கழிச்சதுன்னு காட்டினதால கேமரா அதையே புடிச்சுக்கிச்சு. உங்க மேல தப்பில்ல. நாங்க போற இடத்துல எல்லாம் இப்படி நடக்கும். இத்தனை வருஷம் விளக்குக்குக் கீழ பாத்த கண்ணு, வயசாகும்போது மங்கத்தான் செய்யும். இல்லாத குறை இருக்குற மாதிரி தெரியும்."

முதலாளி இன்னும் இதமாகப் பேசினார். "அண்ணே, எங்க அப்பா வச்ச ஆள் நீங்க. கண்ணு மங்கினதுக்கு யாராவது குத்தம் சொல்லுவாங்களா? கேபின் உங்களுக்குத்தான், அதுல மாத்தமில்ல. குடோன்ல இருக்குறதப் பேக்கிங் ஆளுங்கள வச்சுத் திரும்பப் பிரிச்சுக்கலாம். நீங்க ஒரு கண் டாக்டரைப் பாருங்க. செலவு நம்மது."

தீர்ந்தது. தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். நாற்காலி, ஏசி, இரண்டு முழங்கால், மருமகளின் தட்டுகள், பாதி ஆலையின் மானம், எல்லாம் அந்த ஒரு ஆட்டலில் அடக்கம். சூளைக்காரர் மேஜைக்கு அடியில் அவர் காலை ஒரு மிதி மிதித்தார்.

கழுகு தலையை ஆட்டத்தான் போனார். கழுத்து அசையவில்லை.

"யாருக்குக் கண்ணு மங்கிடுச்சு?"

"அண்ணே, அது ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கா? பேக்கிங் ஆளுங்களா என் தட்டைப் பிரிக்கப் போறாங்க? அட்டைப் பெட்டிக்கு மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எதுன்னு அம்பு போட்டுக் குடுத்தாலும் தலைகீழா ஒட்டுற பசங்க!"

சூளைக்காரர் மறுபடி மிதித்தார்.

"காலை எடுடா, வலிக்குது," என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு, கழுகு முதலாளியைப் பார்த்தார். "குடோன்லேருந்து ஒரு கூடை எடுத்தாரச் சொல்லுங்க தம்பி. எது வேணா."

கூடை வந்தது. கழுகு எழுந்து நின்றார். உட்கார்ந்து பார்த்தால் வெளிச்சம் விழாது. ஒவ்வொரு தட்டாக எடுத்துச் சுற்றினார், சுண்டினார். "விரிசல். இது ஊசிக்குத்து, அந்த ஓரத்துல பாருங்க. இது கோணல். இது நல்லது." நல்லதைத் தனியாக வைத்தார். "இதுவும் நல்லது. இது பூச்சுத் திரண்டது. நல்லது." கூடை காலியானதும் தனியாக வைத்த அடுக்கை மேஜையில் குப்புறக் கவிழ்த்தார். ஒவ்வொரு தட்டின் அடியிலும், பூச்சுப் படாத வளையத்தில், ஒரு பென்சில் புள்ளி.

"இந்தப் புள்ளி நான் வச்சது. கண்ணு தெரியாம கழிச்சதில்ல இது. நல்லதுன்னு தெரிஞ்சு, பொறுக்கி எடுத்து, தெரிஞ்சே கழிச்சேன். என் கை தப்பு பண்ணியிருக்கும். என் கண்ணு பண்ணாது."

கேமராக்காரம்மா ஒரு தட்டை எடுத்து, புள்ளியைப் பார்த்து, படத்தைப் பார்த்து, கீழே வைத்தார்.

"யாருக்காக?" என்றார் முதலாளி.

"எனக்குத்தான்."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

"உங்க வீட்டுல எத்தனை பேருண்ணே?"

"நானும் வீட்டுக்காரியும்." கொஞ்சம் யோசித்தார். "அடிக்கடி உடைப்போம்."

முதலாளியின் பார்வை சூளைக்காரர் பக்கம் போனது. சூளைக்காரர் கூரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இவருக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க," என்றார் கழுகு, யாரும் கேட்காமலே.

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபப்பட்டால் எங்கே ஆரம்பிப்பது, எத்தனை வீட்டில் போய் முடிப்பது என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். ஆலை நடத்துகிறவருக்கு அந்தக் கணக்கு சீக்கிரம் வரும்.

"கண்ணு மங்கிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இது அங்கயே முடிஞ்சிருக்குமேண்ணே."

"அந்த ஒரு வார்த்தைதாங்க வர மாட்டேங்குது."

முடிவு அன்றைக்கே ஆனது. பெரிய முதலாளி வைத்த ஆள் என்பதால் வேலையை விட்டு அனுப்பவில்லை. கேபின் இல்லை. குடோனில் இருப்பதை முதலிலிருந்து அவரே பிரித்துக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த அறையில் இருந்த யாருக்கும் இப்போது அந்தக் கண்ணில் சந்தேகம் இல்லை. பிரித்து முடித்ததும் லாரி வருகிற கேட்டுக்குக் காவலுக்குப் போக வேண்டும். மாதக் கடைசியில் எடைக்குப் போடுவது அடியோடு நின்றது. கழித்த தட்டுகளை இனிமேல் பொடியாக அரைத்து மண்ணோடு கலந்துவிடுவார்கள்.

கழுகு குடோனில் நின்று முழுக் குவியலையும் பிரித்தார். கேமராக்காரம்மா பக்கத்தில் நின்று படம் எடுத்தார். புள்ளி வைத்த தட்டு ஒன்றுகூடக் கழித்த பக்கம் போகவில்லை. மருமகளுக்காக எடுத்து வைத்தவை அடுக்கடுக்காக நல்ல கூடைக்குள் போயின. வாசலோடு போன சூளைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அதுல ஒரு டஜனாவது..."

"போடா அந்தப் பக்கம். வேலை நடக்குது."

கேமரா மறுபடி படித்தது. மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். கோணல், ஊசிக்குத்து, திரண்டது எல்லாம் ஓரமாகப் போயின. நீல விளிம்புகள் ராஜா மாதிரி நேராகப் போயின. விரிசல் பார்க்கத் தடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இரும்பு விரலையும் பொருத்தினார்கள். அது ஒவ்வொரு தட்டையும் ஒரு சுண்டு சுண்டும், ஒரு மைக் கேட்டுக்கொள்ளும். பெரிய கம்பெனியின் ஆர்டர் வந்தது. கேபின் நாற்காலியில் பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு பெண் உட்கார்ந்தாள். கழுகு கேட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். மெத்தை ஸ்டூலுக்குப் பெரிதாக இருந்தது. மனைவி ஒரு ஓரத்தைப் பிரித்துச் சின்னதாக்கிக் கொடுத்தார்.

"ஒரு தலையாட்டு," என்றார் மெத்தையை நீட்டும்போது. "ஒரே ஒரு தலையாட்டு. நான் என்ன சொன்னாலும் ஆட்டாத தலைதான், முதலாளி சொன்னாலாவது ஆடக் கூடாதா?"

"ஆட்டியிருந்தா உனக்கு நூல் கோத்துக் குடுக்க யாரு? கண்ணு தெரியாதவனா?"

"அது சரி. திருடன் கோத்தா நூல் நல்லா நிக்கும்."

ஆலையில் கொஞ்ச நாள் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் யார் பெயரையும் சொல்லவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். எடைக்குப் போடுவது நின்றுபோனதும் தெரியும். இரண்டில் இரண்டாவதுதான் வீட்டில் கேள்வி கேட்டது. போகிற வருகிற பெண்கள் கேட்டில் அவரைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா, கண்ணு நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "சூப்பரா இருக்கு," என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். "கழுகு கழிச்சிருச்சுப்பா! அந்தக் கூடையத் தள்ளு!"

ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. கறுப்புக் கூண்டுக்கு அந்தப் பெயர் எப்போது போனது என்று தெரியவில்லை. யாரும் கூடிப் பேசி வைத்ததாகவும் தெரியவில்லை. சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லி இவரைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவருக்குத் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

சூளைக்காரர் மகள் கல்யாணத்துக்குத் தட்டுகளைக் கடையில் முழு விலை கொடுத்து வாங்கினார்கள். அதே ஆலைத் தட்டு, அதே நீல விளிம்பு. பெட்டியின் மேல் கேமராவால் சோதிக்கப்பட்டது என்று ஒரு ஸ்டிக்கர். பெட்டிகளைக் கழுகு வீட்டில்தான் இறக்கி வைத்திருந்தார்கள். குடோன் வாசலில் பேச்சு வாங்கியதிலிருந்து சூளைக்காரர் அவரோடு பேசவில்லை. அக்காவோடு பேசுகிற மாதிரி அவர் காதில் விழும்படி பேசுவார்.

"அக்கா, எல்லாம் காசு குடுத்து வாங்கினது. யாரும் தொட வேணாம்னு சொல்லு."

கழுகு முதல் பெட்டியைப் பிரித்தார். விளக்குக்குக் கீழே தரையில் ஒரு துணியை விரித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போனவர், உட்காராமல் எழுந்து நின்றார். ஒன்றை எடுத்தார். சுற்றினார். சுண்டினார். கணீர். அடுத்தது. மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சூளைக்காரர் வாசலுக்குப் போகிற மாதிரி போய் நிலைப்படியில் நின்றார். அவருக்கும் தெரியும், இவர் எதைத் தேடுகிறார் என்று. ஒரே ஒரு ஊசிக்குத்து. ஒரே ஒரு முனகல். கிடைத்தால் நாளைக்கு ஆலை வாசலில் அதைத் தூக்கிப் பிடித்து, கழுகு யார் என்று கேட்கலாம்.

முதல் பெட்டி முடிந்தது. இரண்டாவது பெட்டியையும் பிரித்தார். ஒரு தட்டை மட்டும் இரண்டு தடவை சுற்றினார், சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், தூசியை ஊதினார். அடுக்கில் வைத்தார். கடைசித் தட்டையும் சுண்டி அடுக்கின் மேல் வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"என்ன, ஒண்ணும் சிக்கலையா?" என்றார் மனைவி.

"ஒண்ணுகூட இல்ல."

நிலைப்படியில் நின்ற சூளைக்காரர் முதல் தடவையாக நேராகக் கேட்டார். "நெசமாவா மச்சான்? நல்லாப் பாத்தியா?"

"யாரைப் பாத்துடா கேக்குற?" என்றார் அவர். "கழுகு கழிச்சது போக வந்த தட்டு. அதுல குறை எப்படி இருக்கும்?"

எந்தக் கழுகு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மனைவி மிஷினை ஓட்ட ஆரம்பித்தார். சூளைக்காரர் உள்ளே வந்து, பெட்டிகளை மூட ஒரு கை கொடுத்தார்.